குச்சொழுங்கையை வரைபடத்தில் சேர்ப்பது எப்படி? (கொழும்பு வெள்ளவத்தைப் பக்கம் நடப்பவர்களுக்கு)

போனில் இருக்கிற வரைபடங்கள் வாகனத்தில் போகிறவர்களுக்கு நன்றாகவே வழிகாட்டும். காலி வீதியிலிருந்து கடற்கரையோர மரைன் டிரைவுக்கு நடந்து இறங்குகிறவர்களுக்குத் தேவையானது வேறு. எந்த ஒழுங்கை மறுபக்கம் திறக்கும், எது மதிலில் முட்டும், எந்தப் படலையை இரவில் பூட்டுவார்கள் என்பதெல்லாம் அங்கே குடியிருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதை நாமே ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் போடலாம். 2004இல் தொடங்கிய இந்த வரைபடத்தை யாரும் திருத்தலாம். ஓஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் செயலிகள் இதிலிருந்துதான் தரவை எடுக்கின்றன.

தளத்தில் கணக்குத் திறந்து, திருத்தும் பக்கத்துக்குப் போங்கள். கணினியில் செய்யுங்கள், போன் திரையில் கோடு வரைவது வீண் சிரமம். ஆண்ட்ராய்டில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் நல்ல செயலி, நடந்துகொண்டே கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். ஆனால் புதிய பாதை வரைய அது உதவாது.

வரைவதற்கு முன் ஒருமுறை நடந்து பார்த்து, இரண்டு முனையிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையின் உயரமான அடுக்குமாடிகளுக்கு நடுவே ஜிபிஎஸ் தடம் பக்கத்து வீட்டுக்குள்ளால் போகும். அதனால் தடத்தை நம்பாமல், பின்னணியில் தெரியும் செய்மதிப் படத்தைப் பார்த்து வரையுங்கள். கூகுள் மேப்ஸைப் பார்த்து வரையவே வேண்டாம், உரிமம் இடம் தராது.

அடுத்ததுதான் முக்கியம். நீங்கள் வரைந்த ஒழுங்கைக் கோட்டின் முனை வீதிக்கோட்டைத் தொடுவதுபோலத் தெரிந்தால் போதாது. இரண்டுக்கும் பொதுவான ஒரு புள்ளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒழுங்கை திரையில் அழகாகத் தெரியும், ஆனால் வழி கேட்கும்போது செயலி அதைக் கண்டுகொள்ளாமல் உங்களைக் காலி வீதி வழியாகவே சுற்றவிடும். செயலி பார்ப்பது படத்தை அல்ல, எந்தப் புள்ளி எதனோடு சேர்ந்திருக்கிறது என்பதை. முனைப்புள்ளியைப் பிடித்து, வீதிக்கோட்டின் மேல் ஒட்டிக்கொள்ளும்வரை இழுங்கள். நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள்: சேர்ந்த புள்ளி சாம்பல் நிறமாகத் தெரியும், சேராதது வெள்ளையாகவே இருக்கும். மரைன் டிரைவ் முனையிலும் இதையே செய்ய வேண்டும்.

பிறகு வகை. படிக்கட்டு இருந்தால் அந்தத் துண்டைப் பிரித்து, படிக்கட்டு என்றே குறியுங்கள். இல்லையென்றால், சைக்கிளை அனுமதித்த பாதையில் செயலி சைக்கிள்காரரைப் படியிலும் ஏற்றிவிடும். நடைபாதை என்று மட்டும் குறித்த இடத்தில் பல செயலிகள் சைக்கிளை விடாது. உண்மையில் சைக்கிள் போகலாம் என்றால் அந்த அனுமதியைத் தனியாகக் கொடுங்கள். அடுக்குமாடி வாகனத் தரிப்பிடத்துக்குள் போகிற பாதை என்றால் தனியார் வழி என்று போடுங்கள். அந்நியர்களை அதற்குள் அனுப்புவது நியாயமில்லை. சரி, மாற்றத்தைப் பற்றி ஒரு வரி எழுதிச் சேமியுங்கள்.

பின்சேர்க்கை: "சேமித்தேன், ஆனால் ஆர்கானிக் மேப்ஸில் வரவில்லை" என்று பலர் கேட்டிருந்தார்கள். அந்தச் செயலி வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருப்பதால், அடுத்த பதிப்பு வரும்வரை பழையதையே காட்டும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் தளத்திலேயே நடை வழியைத் தேர்ந்து சோதியுங்கள், அதற்கும் ஒரு நாளாவது பொறுக்க வேண்டும்.

இன்னொரு பின்சேர்க்கை: கடற்கரைத் தண்டவாளத்தை ஒட்டி ஆட்கள் நடக்கிறார்களே, அதையும் வரையலாமா என்று ஒரு வாசகர் கேட்டார். வேண்டாம். வரைந்தால், ஊர் தெரியாத ஒருவரைச் செயலி ரயில் வரும் பாதையில் நடத்திவிடும். தண்டவாளத்தைக் கடக்க முறையான கடவை இருக்கிற இடத்தை மட்டும் குறியுங்கள்; கடற்கரைக்கு இறங்க அது போதும்.