ஆன்மா உண்டா என்று நீங்களே விசாரித்துப் பார்ப்பது எப்படி: மெய்கண்டாரின் நான்கு அடிகளை வைத்து

ஆன்மா உண்டா என்று யாராவது என்னிடம் கேட்டால், மூன்று விஷயங்களைத் தயார் செய்துகொள்ளச் சொல்வேன். ஒரு நோட்டு. மெய்கண்டார் எழுதிய சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பா. நீங்கள் சொல்வதை லேசில் ஒத்துக்கொள்ளாத ஒரு ஆள். அந்த ஆள் இல்லாவிட்டால் மற்ற இரண்டும் வெறும் ஒப்பிப்பாகிவிடும்.

நான் விழுப்புரம் பக்கம் ஒரு மருத்துவமனையில் அனஸ்தீஸியா டெக்னீஷியன். மயக்க மருந்து டாக்டருக்குப் பக்கத்தில் நின்று மருந்தை எடுத்துக் கொடுப்பதும், மெஷினைச் சரிபார்ப்பதும், மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பதும் என் வேலை. ஞாயிற்றுக்கிழமை சித்தாந்த வகுப்புக்குப் போவேன். மெய்கண்டாரின் திருவெண்ணெய்நல்லூர் எங்கள் மாவட்டத்து ஊர்தான். 13-ஆம் நூற்றாண்டில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி ஆபரேஷன் தியேட்டரில் (ஓ.டி.) தினமும் என் கண்முன்னே படுத்திருக்கிறது. எனக்கு இது பொழுதுபோக்கு இல்லை.

நூற்பாவைப் பதம் பிரித்து இப்படி எழுதிக்கொள்ளுங்கள்:

உளது இலது என்றலின் எனது உடல் என்றலின்
ஐம்புலன் ஒடுக்கம் அறிதலின் கண்படின்
உண்டி வினை இன்மையின் உணர்த்த உணர்தலின்
மாயா இயந்திர தனுவினுள் ஆன்மா.

சிவஞானபோதம் மொத்தமே 12 நூற்பாக்கள்தான். அதில் இந்த நான்கு அடிக்குள் ஏழு காரணங்கள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் ஒரு எதிராளிக்குச் சொன்ன பதில். ஆன்மா என்று ஒன்று கிடையவே கிடையாது என்பவர் ஒருவர். உடம்புதான் அது என்பவர், புலன்கள்தான் என்பவர், கனவில் உலவும் நுண்ணுடம்புதான் என்பவர், மூச்சுதான் என்பவர், கடவுளேதான் என்பவர், இவையெல்லாம் சேர்ந்த கூட்டம்தான் என்பவர் என மற்ற ஆறு பேர். நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பக்கத்தின் மேல்பாதியில் எதிராளியின் கட்சியை அவரே எழுதியதுபோல வலுவாக எழுதுங்கள். கீழ்ப்பாதியில் மெய்கண்டார் பதில். வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். அவசரப்பட்டால் எதிராளி தோற்றுவிட்டதாக நாமே தீர்ப்பு எழுதிவிடுவோம்.

தொடங்குவதற்கு முன்னால், எடை போடும் வழியில் மட்டும் போகாதீர்கள். உயிர் 21 கிராம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தி 1907-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் டங்கன் மெக்டூகல் என்ற டாக்டர் வெளியிட்டதிலிருந்து வந்தது. சாகும் தறுவாயில் இருந்த ஆறு பேரைக் கட்டிலோடு தராசில் வைத்தார். அந்த 21 கிராம் ஒரே ஒருவருடைய கணக்கு. மற்றவர்களுடையது அதோடு ஒத்துவரவில்லை. அவருக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்னால், பௌத்தர்களின் நூலான தீக நிகாயத்தில் வரும் பாயாசி என்ற சிற்றரசன் இதையே ஒரு திருடனை வைத்துச் செய்திருக்கிறான். உயிரோடு நிறுத்தான், கழுத்தை நெரித்துக் கொன்று மறுபடி நிறுத்தான், பிணம்தான் கனமாக இருந்தது, ஆகவே உயிர் என்று ஒன்று இல்லை என்றான். ஒருவர் எடை குறைந்தது என்று உண்டு என்கிறார், இன்னொருவர் கூடியது என்று இல்லை என்கிறார். தராசு இந்தக் கேள்விக்கு உதவாது.

முதல் காரணம் சுலபம்போலத் தெரியும்: இல்லை இல்லை என்று சொல்கிறதே, அப்படிச் சொல்கிற ஒன்று உள்ளது. இதை எழுதிவிட்டு நகருங்கள். ஏதோ ஒன்று இருக்கிறது என்பதற்கு மேல் இது எதையும் தராது. அந்த ஏதோ ஒன்று என்ன என்பதற்குத்தான் மீதி ஆறும்.

‘எனது உடல் என்றலின்’ என்ற பக்கத்தில் கொஞ்சம் தங்குங்கள். என் வீடு, என் மாடு என்பதுபோல என் கை, என் கால் என்கிறோம். ஆகவே உடையவன் வேறு, உடைமை வேறு என்பது வாதம். இதை வாயளவில் சொல்லிப் பழகிவிட்டோம். நான் பார்ப்பதைச் சொல்கிறேன். முதுகில் ஊசி போட்டுச் செய்கிற ஆபரேஷன்களில் நோயாளி முழித்துக்கொண்டுதான் இருப்பார். மருந்து ஏறியதும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விடும். மருந்து தடவித் துடைப்பதற்காகக் காலைத் தூக்கிப் பிடித்தால், திரையின் ஓரமாகப் பார்த்துவிட்டு "அது யார் காலும்மா?" என்று கேட்டவர்கள் உண்டு. காலை நீட்டிப் படுக்க வைத்த பிறகும், முட்டி மடங்கியே இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். கண்ணால் பார்க்கிற கால் ஒரு இடத்தில், உணர்கிற கால் இன்னொரு இடத்தில். கால் இரண்டாகத் தெரிந்தாலும் அதைச் சொல்கிற ஆள் ஒருவர்தான், பதறாமல் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார். உடம்பு வேறு, உடையவர் வேறு என்பதை இதைவிடத் துலக்கமாக நான் எங்கும் பார்த்ததில்லை.

ஆனால் மேல்பாதியை நேர்மையாக நிரப்ப வேண்டுமே. எங்கள் ஓ.டி.யில் வேலை செய்கிற தம்பி ஒருவன் பெரியார் படம் மாட்டிய வீட்டில் பிறந்தவன். என் நோட்டுக்கு எதிராளி அவன்தான். "அக்கா, ரப்பர் கையைக்கூட என் கைன்னு நம்ப வைக்கலாம். அதுக்கும் ஆன்மா உடைமையா?" என்றான். அவன் சொன்னது உண்மை. 1998-இல் வெளியான சோதனை அது. நிஜக் கையை மறைத்து வைத்து, கண்ணெதிரே ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால், கொஞ்ச நேரத்தில் ரப்பர் கையே தன் கை என்று பலருக்குத் தோன்றிவிடுகிறது. ‘என்’ என்ற உணர்வை மூளை கட்டுகிறது, கலைக்கிறது. ஆகவே இந்தக் காரணம் உடம்பே நான் என்பவரை மட்டும்தான் மடக்கும். மூளையே நான் என்பவர் இன்னும் மிச்சம் இருக்கிறார். இதை அப்படியே எழுதுங்கள், மறைக்காதீர்கள்.

ஐம்புலன் பக்கமும் இதே மாதிரிதான். கண்ணுக்கு ஓசை தெரியாது, காதுக்கு நிறம் தெரியாது. ஐந்தையும் அறிகிற ஒன்று ஐந்துக்கும் வேறு. நல்ல வாதம். இதன் மேல்பாதியில் மூளை விஞ்ஞானி ரோஜர் ஸ்பெர்ரி ஆராய்ந்த நோயாளிகளை எழுதுங்கள். அந்த வேலைக்காக அவருக்கு 1981-இல் நோபல் பரிசு கிடைத்தது. கடுமையான வலிப்புக்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலம் வெட்டப்பட்டவர்கள் அவர்கள். பார்வையின் இடப்பக்கம் மட்டும் ஒரு பொருளின் படத்தைக் காட்டினால், எதுவும் பார்க்கவில்லை என்று வாய் சொல்லும். இடது கையோ அந்தப் பொருளைத் தடவிச் சரியாக எடுத்துவிடும். ஐந்தையும் அறிகிற அந்த ஒன்று இங்கே எங்கே? கருவி வெட்டுப்பட்டதால் அறிவு துண்டு துண்டாக வருகிறது என்பது சித்தாந்தத்தின் பதிலாக இருக்கும். அந்தப் பதிலின் முழு பலமும் ஆறாவது காரணத்தில்தான் தெரியும். அதுவரை ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். கனவுப் பக்கத்தைச் சீக்கிரம் முடிக்கலாம்: நேற்றைய கனவையும் இன்றைய நனவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர் இரண்டுக்கும் பொதுவானவர்.

இப்போது ‘கண்படின் உண்டி வினை இன்மையின்’. இங்கே உண்டி என்பது இன்ப துன்ப நுகர்ச்சி. ஆழ்ந்த உறக்கத்தில் மூச்சு தடையில்லாமல் ஓடுகிறது, ஆனால் நுகர்ச்சியும் இல்லை, செயலும் இல்லை. ஆகவே மூச்சு ஆன்மா அல்ல. முழு மயக்கம் கொடுக்கும்போது நடப்பது இந்த வரியின் விரிவுரைதான். பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து, புரோபோஃபால். ஐ.வி. லைனில் ஏற்றும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்போம். "எத்தனை பசங்கம்மா?" "ரெண்டு. பெரியவன் பாலிடெக்னிக்..." அதோடு நின்றுவிடும். இமையை விரலால் தொட்டால் சிமிட்டாது. தசை தளரும் மருந்து போனதும் மூச்சும் நின்றுவிடும். அதன்பிறகு மூச்சு மெஷினுடையது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, மானிட்டரில் ஆக்ஸிஜன் 99, நாடித் துடிப்பு 72. மெய்கண்டார் காலத்தில் உறங்குகிறவரின் மூச்சாவது அவருடையதாக இருந்தது. இங்கே அதுவும் இல்லாமல் இரண்டு மணி நேரம். முடிந்து எழுப்பினால் அந்த அம்மா கேட்பது, "இன்னும் ஆரம்பிக்கலையா?"

வீட்டில் இதைச் செய்து பார்க்க மயக்க ஊசி வேண்டாம். காலையில் கண் விழித்ததும், போனை எடுப்பதற்கு முன்னால், உறக்கத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். நன்றாகத் தூங்கினேன் என்று எழுதினால், அது தூங்கும்போது தெரிந்ததா, எழுந்த பிறகு உடம்பின் தெளிவைப் பார்த்துச் சொல்வதா என்று உங்களையே கேளுங்கள். உறக்கத்திலும் ஆன்மா விழித்துப் பார்த்துக்கொண்டே இருந்தது என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. என் ஓ.டி. அனுபவம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. மெய்கண்டாரும் அப்படிச் சொல்லவில்லை. அடுத்த நூற்பாவில் ‘சகச மலத்து உணராது’ என்கிறார்: கூடவே பிறந்த ஆணவ மலம் என்ற அழுக்கு மறைப்பதால் ஆன்மா தன்னளவில் எதையும் உணராது. ஆன்மா உண்டு என்று நிறுவ வந்தவரே, அது தனியே விட்டால் இருட்டில் கிடக்கும் என்று ஒத்துக்கொள்கிறார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அந்த இடத்தில்தான்.

கூட்டம்தான் ஆன்மா என்பவரின் பக்கத்துக்கு மணிமேகலையின் 27-ஆம் காதையைப் புரட்டுங்கள். அங்கே வரும் பூதவாதி, தாதகிப் பூவையும் வெல்லக்கட்டியையும் மற்றதையும் கூட்டினால் மதுவில் களிப்பு பிறப்பதுபோல, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான். கண்ணால் காண்பதைத் தவிர வேறெதையும் ஏற்க மாட்டேன் என்றும் சொல்கிறான். மணிமேகலை சிரித்துவிட்டு, உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் எப்படி அறிந்தாய் என்று மடக்குகிறாள். மடக்கியது காட்சி மட்டுமே போதும் என்ற பகுதியை. மதுவின் களிப்பு என்ற பகுதி அப்படியே நிற்கிறது. இன்றைய நரம்பியல்காரர்கள் பலரும் நிற்கிற இடம் அதுதான். உடம்பு மாயையால் (சித்தாந்தத்தில் உலகுக்கு மூலப்பொருள்) ஆன இயந்திரம், உறுப்புக்கு உறுப்பு தனிப் பெயர் உண்டு, எதுவும் ஆன்மா என்று பெயர் பெறவில்லை என்ற மெய்கண்டாரின் பதிலை எழுதுங்கள். ஏழு காரணங்களில் என்னை மிகக் குறைவாக அசைத்தது இது. கூட்டத்தில் புதிதாக ஒன்று பிறக்கும் என்பவருக்கு, உறுப்புகளைத் தனித்தனியே எண்ணிக் காட்டுவது பதிலாகாது.

ஆறாவதைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. ‘உணர்த்த உணர்தலின்’. உணர்த்தினால் உணர்வது. கடவுளுக்கு யாரும் உணர்த்த வேண்டியதில்லை, சடப்பொருளுக்கு உணர்த்தினாலும் உணராது. ஆன்மா இரண்டுக்கும் நடுவில். கண்ணுக்குப் பார்வை உண்டு, ஆனால் வெளிச்சம் இல்லாமல் பார்க்காது என்று உவமை சொல்வார்கள். பிரெஞ்சுத் தத்துவஞானி டேக்கார்ட் ஆன்மாவைத் தன்னந்தனியே சிந்திக்கும் பொருள் என்றார். உருவமற்ற அது உடம்பை எப்படி அசைக்கும் என்று 1643-இல் பொஹீமியாவின் இளவரசி எலிசபெத் கடிதம் எழுதிக் கேட்டபோது அவரால் திருப்தியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பக்கவாதத்தில் பேச்சு போவதும், புரோபோஃபாலில் பாலிடெக்னிக்கோடு வாக்கியம் அறுபடுவதும் அப்படிப்பட்ட ஆன்மாவுக்குத்தான் நெருக்கடி. கருவியின்றி அறியாத ஆன்மாவுக்கு அது எதிர்பார்த்ததுதான். ஸ்பெர்ரிக்குப் போட்ட கேள்விக்குறியை இங்கே கொண்டுவந்து பாருங்கள்.

தம்பி விடவில்லை. "அப்ப வெளிச்சமே போதுமேக்கா, கண் எதுக்கு?"

"அதே வெளிச்சத்துலதான் இந்த ஸ்டூலும் நிக்குது. அது பார்க்குதா தம்பி?"

"கண்ணுன்னு நீங்க சொல்றது மூளைதான்."

இந்த இடத்தில் நாங்கள் இருவரும் அவரவர் இடத்தில் நிற்கிறோம். என் கட்சியை எழுதிவிடுகிறேன். மயக்கத்தின் ஆழத்தைக் காட்ட நெற்றியில் ஒட்டும் பட்டையோடு ஒரு மானிட்டர் உண்டு. 40-க்கும் 60-க்கும் நடுவில் எண் இருந்தால் ஆபரேஷனுக்குப் போதுமான மயக்கம். எண் ஏற ஏற அந்த அம்மா திரும்பி வருவார் என்று எனக்குத் தெரியும். மூளையின் மின் அலையை இன்னும் நுட்பமாக அளந்தாலும் அலையைப் பற்றித்தான் சொல்லப்படும். அந்த அலை யாருக்கு வெளிச்சமாகத் தெரிகிறதோ அவரைப் பற்றிய சேதி அந்த எண்ணில் இல்லை. அந்த ‘யாருக்கு’ என்பதை ஆன்மா என்று நான் ஏற்கிறேன். தம்பியின் பக்கத்தில், "இன்னைக்கு அளக்கத் தெரியலைங்கறதுக்காக, இல்லாததை இருக்குன்னு சொல்லக்கூடாது" என்று அவன் கையெழுத்திலேயே இருக்கிறது. உங்கள் எதிராளிக்கும் பேனாவைக் கொடுங்கள்.

செத்த பிறகு என்ன ஆகும் என்பதற்கு இந்த நூற்பாவில் விடை தேடாதீர்கள். இதன் வேலை உடம்புக்குள் ஆன்மா உண்டு என்று காட்டுவதோடு முடிகிறது. இறப்பு பிறப்பு என்ற போக்குவரவு பற்றி இரண்டாம் நூற்பா பேசுகிறது, அதற்குத் தனி நோட்டு வேண்டும். மனம்தான் நான், புத்திதான் நான் என்று உங்களுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தால் நான்காம் நூற்பாவுக்குப் போங்கள். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் நான்கையும் அங்கே அமைச்சர்களாகவும் ஆன்மாவை அரசனாகவும் வைத்து, நனவிலிருந்து மூச்சும் அடங்கிய உயிர்ப்படக்கம் வரை ஐந்து நிலைகளைச் சொல்கிறார். உரைக்குச் சிவஞான முனிவரின் சிற்றுரையை முதலில் எடுங்கள். அவருடைய விரிவுரையான மாபாடியம் பெரியது, வகுப்பும் ஆசிரியரும் கிடைத்த பிறகு தொடுங்கள்.