லேப்டாப்பில் ஓர் எழுத்தை அடித்தால் வேறொன்று வருகிறதா?

கீபோர்டு தப்புத் தப்பாக டைப் ஆனதுமே பலரும் அது போய்விட்டது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். நான் பார்த்துக் கொடுத்த லேப்டாப்களில் பலவற்றில் கீபோர்டு நன்றாகத்தான் இருந்தது, ஏதோ ஒரு செட்டிங்தான் மாறிப்போயிருந்தது. கீழே சொல்வது விண்டோஸுக்கான வழி.

முதலில் நோட்பேடைத் திறந்து, எண் வரிசையில் தொடங்கி எல்லா கீயையும் ஒவ்வொன்றாக அடியுங்கள், அப்புறம் ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை. எது எதுவாக வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் விடாதீர்கள், கோளாறு எங்கே என்று அந்தத் தாளே பாதி சொல்லிவிடும்.

எழுத்துக்குப் பதில் எண் வருகிறதா? அப்படியானால் நம்லாக். சில லேப்டாப்களில் ஜே, கே, எல் கீகளின் ஓரத்தில் 1, 2, 3 என்று சின்னதாக அச்சிட்டிருக்கும். யு, ஐ, ஓ மேல் 4, 5, 6, எம் மேல் 0. நம்லாக் விழுந்துவிட்டால் வலது கைப் பக்கம் மட்டும் எண்ணாக மாறிவிடும், இடது பக்கம் ஒழுங்காக வரும். இதில் பெரிய தொல்லை பாஸ்வேர்டில்தான். நீங்கள் எம், ஐ, எல், கே என்று அடிப்பீர்கள், உள்ளே 0532 என்று போகும், திரையில் தெரிவதோ நான்கு புள்ளிகள். அந்தப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்திப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். எஃப்என் கீயைப் பிடித்துக்கொண்டு நம்லாக் என்று எழுதியிருக்கும் கீயை ஒருமுறை தட்டுங்கள், போதும்.

எழுத்துகள் சரி, குறிகள் மட்டும் இடம் மாறுகின்றனவா? ஷிஃப்ட் 2 அடித்தால் @ வரவேண்டிய இடத்தில் மேற்கோள் குறியும், ஷிஃப்ட் 3-க்கு £ குறியும் வந்தால், அமெரிக்க லேஅவுட் (எந்தக் கீக்கு எந்த எழுத்து என்ற அமைப்பு) போய் பிரிட்டிஷ் லேஅவுட் வந்திருக்கிறது. ஒய்யும் இசட்டும் இடம் மாறினால் ஜெர்மன் லேஅவுட், ஏ-யும் க்யூ-வும் மாறினால் பிரெஞ்சு. ஹெச் அடித்தால் 'க' வருகிறதென்றால் தமிழ்99 என்ற தமிழ் லேஅவுட் இயங்குகிறது, நம்மைப் போலத் தமிழிலும் டைப் செய்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். விண்டோஸ் கீயைப் பிடித்துக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் லேஅவுட்கள் வரிசையாகத் தெரியும், வேண்டியதைத் தேர்ந்தெடுங்கள். திரும்பத் திரும்ப மாறிக்கொண்டே இருந்தால், விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜியன் என்று போய், மொழிக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி, லாங்குவேஜ் ஆப்ஷன்ஸில் தேவையில்லாத கீபோர்டை எடுத்துவிடுங்கள்.

எழுத்தே வராமல் ஏதேதோ மெனு திறந்தால், ஷிஃப்டை 5 முறை தொடர்ந்து தட்டியதில் ஸ்டிக்கி கீஸ் வந்திருக்கலாம், அதாவது ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்ற கீகளைத் தட்டி விட்டாலும் அழுத்திப் பிடித்தது போலவே எடுத்துக்கொள்ளும். வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்தியே வைத்திருந்தால் ஃபில்டர் கீஸ் வரும். அப்போது வேகமாக அடிப்பது பதியாது. இரண்டையும் செட்டிங்ஸில் அக்சஸிபிலிட்டி, கீபோர்டு பகுதியில் அணைக்கலாம்.

இதுவரை எதுவும் பலிக்கவில்லையா? சரி, டிவைஸ் மேனேஜரில் கீபோர்ட்ஸ் என்பதை விரித்து, உங்கள் கீபோர்டை வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். கீபோர்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை விண்டோஸே திரும்பப் போட்டுக்கொள்ளும்.

அதற்கப்புறமும் மாறவில்லை என்றால் யூஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் செருகிப் பாருங்கள். அது ஒழுங்காக டைப் செய்து, லேப்டாப்பின் கீபோர்டு மட்டும் சொதப்பினால் கோளாறு உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு கீக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது, குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கோடுகள்தான். ஒரு கீயை அழுத்தினால் ஒரு குறுக்குக் கோடும் ஒரு நெடுக்குக் கோடும் தொட்டுக்கொள்ளும். ஈரம் பட்டு இரண்டு கோடுகள் ஒட்டிக்கொண்டால் ஒரு கீக்கு இரண்டு எழுத்து வரும், ஒரு கோடு அறுந்தால் சில கீகள் கூட்டமாகச் செத்துப்போகும். தாளை மறுபடி பாருங்கள், அப்படித்தான் இருக்கும்.

தண்ணீரோ காபியோ கொட்டிய அந்த நிமிஷமே என்றால் சோதனையெல்லாம் வேண்டாம், சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்து, கவிழ்த்து வைத்துவிடுங்கள். நன்றாகக் காயும்வரை மறுபடி போடவே போடாதீர்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், கீபோர்டு தனியாகக் கழலுமா, மேல்மூடியோடு சேர்த்தே வருமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், செலவு அதைப் பொறுத்து நிறையவே மாறும்.