பழவேற்காட்டு டச்சுக் கல்லறைகளைப் படமெடுத்துப் பதிவது எப்படி?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். கோட்டை இன்று புதர் மூடிய இடிபாடு. கல்லறைத் தோட்டம் மட்டும் தப்பியிருக்கிறது. அதன் வாசலிலேயே எலும்புக்கூட்டுச் சிற்பங்களைப் பார்க்கலாம். உப்புக்காற்று அங்குள்ள எழுத்துகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கிறது. அவை அழிவதற்குள் பதிந்து வைக்க உங்கள் செல்போனே போதும்.

1. அனுமதி

இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். முக்காலி, ட்ரோன் கொண்டுபோவதாக இருந்தால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள். காவலர் இருந்தால் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

2. வெளிச்சம்

இதுதான் முக்கியம். முதல் தடவை நான் உச்சிவெயிலில் போனேன். கல்லில் ஒன்றுமே தெரியவில்லை. இன்னொரு நாள் காலை ஏழு மணிக்குப் போனபோது அதே கல்லில் வரிவரியாக எழுத்து எழும்பி நின்றது. வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால்தான் செதுக்கலுக்குள் நிழல் தங்கும். நிழலான இடத்தில் இருக்கும் கல்லுக்கு, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பி விடலாம். கண்ணாடியைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும்.

முதலில் முழுக் கல், அப்புறம் வரிகள், கடைசியில் சின்னங்கள் என்று எடுங்கள். ஓரத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும்.

3. செய்யக் கூடாதவை

எழுத்து தெரிவதற்காகச் சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். கம்பி பிரஷ், ஆசிட் பக்கமே போகாதீர்கள். ஒரு நிமிடத் தேய்ப்பில் போன எழுத்து திரும்ப வராது. விரிசலில் சிமெண்ட் பூசுவதும் கேடுதான். பழைய சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும், உப்பு பூத்துக் கல் உதிரும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை என்கிறது சட்டம்.

4. படித்தல்

டச்சு தெரியாவிட்டாலும் தொடங்கலாம். 'ஹியர் லெய்ட் பெக்ராவன்' என்றால் 'இங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்'. 'கெபோரன்' பிறப்பு, 'ஓபியிட்' இறப்பு, 'அன்னோ' வந்தால் அடுத்து ஆண்டு வரும். தெரியாத எழுத்தை ஊகித்து நிரப்பாதீர்கள், புள்ளி வையுங்கள்.

5. குறிப்பேடு

ஒரு கல்லுக்கு ஒரு பக்கம்: எண், இருக்கும் இடம், நீள அகலம், விரிசல், வேர் புகுந்த இடம், எடுத்த தேதி. அடுத்த ஆண்டு அதே கோணத்தில் மறுபடி எடுத்தால் சேதம் எவ்வளவு கூடியது என்று காட்டலாம். புதிய சேதம் கண்டால் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்துக்குப் படத்தோடு எழுதுங்கள்.

6. பகிர்தல்

இணையத்தில் உள்ள பொதுப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றினால் யாரும் பயன்படுத்தலாம். ஏப்ரல் 18, உலக மரபு தினம். அன்று ஊர்ப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள். அப்போது கல்லறை இல்லாதவர்களையும் சொல்லுங்கள். டச்சுக்காரர்களின் வணிகத்துக்குத் துணி நெய்தவர்கள் நம் நெசவாளர்கள். பஞ்ச காலத்தில் அடிமைகளாக வாங்கப்பட்டு, இன்றைய ஜகார்த்தாவான படேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவர்களும் இந்தக் கரையிலிருந்துதான் போனார்கள். உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தை அவர்களுக்கு ஒதுக்குங்கள்.