காமக்கதை எழுதுகிறவர்களுக்கு அவசரமில்லாத ஒரு 15 நாள் சவால்: நடத்துவது எப்படி?

1999-இல் அமெரிக்காவில் தொடங்கிய நவம்பர் நாவல் சவாலுக்கு (நானோரைமோ) 30 நாளில் 50,000 சொல் இலக்காக இருந்தது. நாளுக்கு 1,667 சொல் எழுத வேண்டியிருந்தது. அக்டோபரில் ஆங்கிலக் காமக்கதை உலகம் கொண்டாடும் கிங்க்டோபரில் நாளுக்கொரு தலைப்பு, மொத்தம் 31. இவற்றை அப்படியே ஒரு தமிழ்க் குழுவில் இறக்கினால் முதல் வாரத்திலேயே ஆள் கரையும். சோம்பலால் அல்ல. ஒரு நாள் விட்டால் பாக்கி விழுகிறது, பாக்கி சேர்ந்தால் கூச்சம் வருகிறது, கூச்சப்பட்டவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. காமம் எழுத வருகிறவர் ஏற்கெனவே கொஞ்சம் கூச்சத்தோடுதான் வருகிறார்.

அதைவிடப் பெரிய நெருக்கடி எழுதி முடித்த பிறகு இருக்கிறது. துப்பறியும் கதை போட்டு யாரும் பேசாவிட்டால் 'படிக்கவில்லை போல' என்று நினைத்துக்கொள்ளலாம். காமக்கதை போட்டு யாரும் பேசாவிட்டால் 'முகம் சுளித்துவிட்டார்கள்' என்றுதான் தோன்றும். அதனால் தலைப்புகளை யோசிப்பதற்கு முன் யார் யாருடைய கதையைப் படிக்கப் போகிறார்கள் என்பதைத் தீர்மானியுங்கள்.

எட்டிலிருந்து பதினைந்து பேர் போதும், நடத்த இரண்டு பேர். பெயர்களை ஒரு வரிசையில் எழுதிக்கொண்டு, ஒவ்வொருவரும் தனக்கு அடுத்து வரும் இருவரைப் படிக்க வேண்டும் என்று வையுங்கள். கடைசியில் இருப்பவருக்கு வரிசையின் முதல் இருவர். இப்படி ஒவ்வொரு கதைக்கும் இரண்டு வாசகர் உறுதி. கதை வந்து 48 மணி நேரத்துக்குள் இரண்டு வரியாவது எழுத வேண்டும் என்பதுதான் இந்தச் சவாலின் ஒரே கட்டாயம். எழுதாமல் இருக்கலாம், படிக்காமல் இருக்கக் கூடாது. யாராவது நடுவில் காணாமல் போனால் அவர் இடத்தை நடத்துபவர்களில் ஒருவர் எடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் அந்த இருவரும் வரிசைக்குள் சேராமல் உபரி வாசகராக இருப்பது நல்லது.

எந்த மாதிரிக் கருத்து வேண்டும் என்பதை எழுதியவரே சொல்லட்டும். மூன்று வகை போதும்: 'படித்தேன் என்றால் போதும்', 'பிடித்ததைச் சொல்லுங்கள்', 'குறையும் சொல்லலாம்'. கருத்து கதையைப் பற்றி இருக்க வேண்டும். "வளையலைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைக்கிற இடத்தில் கதை நிதானமாகிறது, அங்கேதான் எனக்குப் பரபரப்பு ஏறியது" என்பது கருத்து. "செம ஹாட்" என்பது சத்தம். "சொந்த அனுபவமா?" என்ற கேள்விக்கு முழுத் தடை போடுங்கள். பெண்கள் எழுதும் கதைக்குக் கீழே முதலில் வந்து நிற்கிற கேள்வி அதுதான், அவர்கள் விலகிப்போவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். கதை போட்டவருக்கு அழையாமல் தனிச் செய்தி அனுப்புகிறவரை எச்சரிக்கை எதுவும் இல்லாமல் நீக்கலாம். இதில் தயவு காட்டினால் குழுவில் இரண்டு வாரத்தில் ஆண்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

கால அளவு 15 நாள், வெள்ளி இரவில் தொடங்கி மூன்றாவது வெள்ளியில் முடிகிற மாதிரி. பன்னிரண்டு தலைப்புகளையும் முதல் நாளே கொடுத்துவிடுங்கள், நாளுக்கு ஒன்றாகச் சொட்டவிடாதீர்கள். அவற்றில் ஒன்று எழுதினாலும் பங்கேற்றவர்தான், மூன்று எழுதினால் தாராளம். நான்காவதை எழுதி வைத்துக்கொள்ளட்டும், குழுவில் போட வேண்டாம். உற்சாகக்காரர் ஒருவர் முதல் இரவே ஐயாயிரம் சொல்லைக் கொட்டினால் மற்றவர்களின் கை நின்றுவிடும். நீளத்துக்கும் அதனால்தான் மேல்வரம்பு வேண்டும்: 75 முதல் 300 சொல். ஆங்கிலச் சவால்களில் புழங்கும் 100 சொல் கணக்கைப் பார்த்து இதை நிர்ணயிக்காதீர்கள். தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் ஒட்டிக்கொண்டே வருவதால் அதே விஷயம் குறைந்த சொற்களில் அடங்கிவிடும். யார் எத்தனை எழுதினார்கள் என்ற பட்டியல், சிறந்த கதை, வாக்கெடுப்பு எதுவும் வேண்டாம்.

தலைப்பு விஷயத்தில் தமிழுக்குக் கையிலேயே சொத்து இருக்கிறது. ஐந்திணை என்பது காதல் நிலையையும் பொழுதையும் சேர்த்துக் கட்டிய ஒரு தயார் அட்டவணை. குறிஞ்சிக்குப் புணர்தல், யாமம். முல்லைக்குக் காத்திருத்தல், மாலை. மருதத்துக்கு ஊடல், வைகறை. நெய்தலுக்கு இரங்கல், எற்பாடு (பொழுது சாயும் நேரம்). பாலைக்குப் பிரிவு, நண்பகல். இவற்றை இன்றைய இடங்களில் இறக்கினால் ஐந்து தலைப்பு கிடைத்துவிடும். மருதம்: விடியற்காலை நாலரைக்குக் கதவு தட்டப்படுகிறது, திறப்பதா வேண்டாமா? பாலை: மத்தியான ரயில் கிளம்ப இருபது நிமிடம், பிளாட்பாரத்தில் கூட்டம். மீதி ஏழுக்கு வடிவக் கட்டுப்பாடுகளைக் கலந்து கொடுங்கள்: உரையாடல் மட்டும், இருவரும் தொட்டுக்கொள்ளாமலே, உறுப்பு எதன் பெயரும் வராமல், ஐம்பதைத் தாண்டிய இருவர், கரண்ட் போன அரை மணி நேரம், ஒருவர் 'போதும்' என்றதும் மற்றவர் நிறுத்திவிட்ட பிறகு என்ன நடக்கிறது. பன்னிரண்டாவதைக் காலியாக விடுங்கள். 'காமம்', 'இரவு' போன்ற அகலமான தலைப்பில் எல்லோரும் ஒரே கதையை எழுதுவார்கள். 'சமையலறையில் மழை நாளில் பக்கத்து வீட்டுக்காரர்' என்று இறுக்கினாலும் அதே கதிதான்.

எல்லைகளைத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிட வேண்டும், நடுவில் சேர்த்தால் யாரையோ குறிவைத்த மாதிரி ஆகும். உறுப்பினர், பாத்திரம் எல்லோருக்கும் 18 நிறைந்திருக்க வேண்டும். வயதை மட்டும் மாற்றிவிட்டுப் பள்ளிச் சீருடையோடு வருகிற பாத்திரமும் கூடாது. கட்டாயப்படுத்தலைச் சுவையாக எழுதும் கதைகளையும், தமிழ் இணையத்தில் மலிந்து கிடக்கும் ரத்த உறவுக் கதைகளையும் ஏற்பதா என்று முன்கூட்டியே தீர்மானியுங்கள். முதல் முறை நடத்துபவர்கள் இரண்டையும் ஒதுக்கிவிடுவதே சுலபம். நடிகர், அரசியல்வாதி, அண்டை வீட்டார் என்று நிஜ மனிதர் யாரும் வேண்டாம். அகப்பாடலில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி, அதையே குழு விதியாக வைத்துக்கொள்ளலாம். சேர்க்கும்போது அடையாள அட்டை நகல் கேட்காதீர்கள், அதைப் பாதுகாப்பது உங்கள் தலையில் விழும். ஏற்கெனவே உள்ளவர் ஒருவர் பொறுப்பேற்றால் சேர்க்கலாம், வயதில் சந்தேகம் வந்தால் சேர்க்க வேண்டாம்.

ரகசியம் கசிவது பெரும்பாலும் சின்ன ஓட்டைகளில்தான். வாட்ஸ்அப் குழுவில் போன் எண் எல்லோருக்கும் தெரியும், ஆகவே அது ஒத்துவராது. டெலிகிராமில் எண்ணை யாருக்கும் காட்டாதபடி அமைக்கலாம். அப்படி அமைத்ததும் கீழே, எண்ணை வைத்து உங்களை யார் கண்டுபிடிக்கலாம் என்ற இன்னொரு கேள்வி வரும், பலர் அதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். குழுவின் பெயர் 'வெள்ளி வாசிப்பு' என்பது போல ஊமையாக இருக்கட்டும். நிறைய வீடுகளில் போன் மேஜையில் கிடக்கும், பூட்டிய திரையிலும் செய்தியின் முதல் வரி தெரியும். எனவே ஒவ்வொரு பதிவின் முதல் வரியும் ஒரே அச்சில் இருக்கட்டும்: 'தலைப்பு 7, 180 சொல், பிடித்ததைச் சொல்லுங்கள்'. உள்ளடக்க எச்சரிக்கை இரண்டாம் வரியில், கதை அதற்குக் கீழே. வேர்டு கோப்பாக அனுப்பினால் அதன் பண்புகளில் எழுதியவரின் நிஜப் பெயர் உட்கார்ந்திருக்கலாம். கூகுள் டாக்ஸ் இணைப்பு கொடுத்தால் உரிமையாளர் பெயர் தெரிந்துவிடலாம். வெறும் எழுத்தாக ஒட்டுவதே பத்திரம். புனைபெயரிலும் தயங்குகிறவர்கள் கதையை நடத்துபவரிடம் கொடுக்கட்டும், அவர் எண் போட்டு வெளியிடலாம். யார் எந்த எண் என்ற பட்டியல் ஒரே ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டும்.

இந்தியாவில் இருந்து நடத்துபவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 67-ஆம் பிரிவு ஆபாசத்தை மின்னணு வழியில் வெளியிடுவதற்கும் அனுப்புவதற்கும் பொருந்தும். முதல் முறை என்றால் மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். வெளிப்படையான பாலியல் செயல் என்றால் 67ஏ: ஐந்தாண்டு, பத்து லட்சம். இலக்கியம், கலை சார்ந்து பொது நன்மைக்கானது என்று நியாயப்படுத்தக்கூடியவற்றுக்கு விலக்கு உண்டு. படைப்பை முழுமையாகப் பார்த்து, சமகாலச் சமூக அளவுகோலில்தான் எடைபோட வேண்டும் என்று 2014-இல் அவீக் சர்க்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் வெளியார் பார்க்க முடியாத குழு என்பதே கவசம் ஆகாது. சிறார் தொடர்பான 67பி பிரிவு படத்தோடு எழுத்தையும் சேர்த்தே பேசுகிறது, அதனால் 18 என்ற எல்லையில் பேரம் கிடையாது. படங்களை அறவே தவிருங்கள், காசும் வாங்காதீர்கள்.

எட்டாம் நாள் வாக்கில் குழு அமைதியாகும். அது இயல்பு. 'என்ன, யாரும் எழுதலையா?' என்று கேட்டால் எல்லோரும் இன்னும் ஒளிந்துகொள்வார்கள். அதற்குப் பதில் நடத்துபவர் அன்றைக்கு எழுபத்தைந்து சொல்லில் ஒரு சுமாரான துண்டைப் போடலாம். அருமையாக எழுதிப் போட்டால் வேலைக்காகாது, சுமாராகத்தான் இருக்க வேண்டும். முடிக்காத கதையைப் பாதியிலேயே போடலாம் என்று அன்று அறிவிப்பதும் நிறையப் பேரை இழுத்து வரும்.

கடைசி வெள்ளியன்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியே இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்தத் தலைப்பு கையில் எழவில்லை, எந்தக் கருத்து உறுத்தியது? பிரதி எடுத்துக்கொள்ள ஒரு வாரம் அவகாசம் கொடுத்துவிட்டுக் குழுவின் பதிவுகளை அழியுங்கள், எண் பட்டியலையும் சேர்த்து. கதைகளைத் தொகுக்கலாம் என்று யாராவது ஆசைப்பட்டால் ஒவ்வொருவரிடமும் புதிதாக அனுமதி வாங்க வேண்டும், பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அடுத்த சுற்றுக்கு இரண்டு மூன்று மாத இடைவெளி விடுங்கள், பொங்கல், தீபாவளி வாரங்களைத் தவிர்த்து. வீடு நிறைய உறவினர் இருக்கும்போது யாராலும் இதை எழுத முடியாது.