சைபர் மோசடியா? எதையும் அழிக்காதீர்கள்

இணையத்தில் யாராவது உங்கள் பணத்தைச் சுருட்டிவிட்டால், முதலில் வங்கிக்குச் சொல்லிப் பரிமாற்றத்தை நிறுத்தப் பாருங்கள். ஆத்திரத்தில் அந்த உரையாடலை மட்டும் அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் போதாது, அதைத் திருத்திவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு வாதாட இடமுண்டு. மூலச் செய்தி போனிலேயே இருக்கட்டும். மின்னஞ்சல் என்றால் அப்படியே கோப்பாகச் சேமியுங்கள். ஃபார்வர்டு செய்தால் எந்த சர்வர் வழியாக வந்தது என்ற தடம் அதில் இருக்காது.

அப்புறம், புகாரைத் தள்ளிப்போடாதீர்கள். இதுதான் மிக முக்கியம். எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) நுழைந்தார்கள் என்ற பதிவைப் பல நிறுவனங்கள் நெடுநாள் வைத்திருப்பதில்லை. சைபர் குற்றங்களுக்கு எதிராக நாடுகளுக்கிடையே 2001-இல் உருவான புடாபெஸ்ட் உடன்படிக்கையில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. அதில் சேர்ந்த நாடுகள், தரவை 90 நாள் வரை அழிக்காமல் வைத்திருக்கும்படி உத்தரவிடத் தங்கள் சட்டத்தில் வழிசெய்ய வேண்டும். இன்னொரு உறுப்பு நாட்டில் உள்ள தரவுக்கும் இப்படிக் கேட்கலாம். ஆகவே தரவைப் பாதுகாக்கச் சொல்லிக் கோரிக்கை அனுப்பியாயிற்றா என்று விசாரணை அதிகாரியிடம் தயங்காமல் கேளுங்கள்.

புகாரில் நேரத்தை நிமிடம் வரை, நேர மண்டலத்தோடு எழுதுங்கள். ஒரே ஐபி முகவரி சற்று நேரத்தில் வேறொருவருக்குப் போய்விடலாம்.