கொர்வெட் மாதிரியில் வெளிறிய வார்னிஷைச் சரிசெய்த விதம்

இரண்டாம் உலகப் போரில் அட்லாண்டிக் சரக்குக் கப்பல் அணிகளுக்குக் காவலாகச் சென்ற 'பிளவர்' வகை கொர்வெட் என்னும் சிறு போர்க்கப்பலின் 1/144 அளவு பிளாஸ்டிக் மாதிரிக்கு வெள்ளையும் இளநீலமும் பூசி, நங்கூரத் துளையின் கீழே துருக்கறையும் தீட்டி முடித்தபின், கடைசியாக அடித்த மேட் (பளபளப்பற்ற) வார்னிஷ் காய்ந்தபோது கப்பலின் பக்கங்கள் முழுவதும் வெண்படலம் படர்ந்துவிட்டது. காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் இப்படி நேர்வதுண்டு.

அதைத் தேய்த்து எடுக்க முயன்றால் அடியிலுள்ள வண்ணமும் சேர்ந்து போய்விடும். ஆகவே மாதிரியை மூடிவைத்து, நன்கு வெயில் அடித்த நாளில், பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷை ஏர்பிரஷ் என்னும் வண்ணத் தெளிப்பான் கொண்டு மெல்லிய படலமாக அடித்தேன். வெளிறிய பூச்சின் நுண்ணிய மேடுபள்ளங்களை அது நிரப்புவதால், ஒளி சிதறுவது குறைந்து, நீலம் கண்ணெதிரே மீண்டு வந்தது. அந்தக் கணத்தின் மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

மங்கிய துருக்கறையை மட்டும் புதிதாகத் தீட்ட வேண்டியிருந்தது. பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை அட்டைத்துண்டில் பிதுக்கி, மிகையான எண்ணெயை உறிஞ்சவிட்டு, ஊசிமுனையளவு புள்ளி வைத்து, மினரல் டர்பன்டைனில் நனைத்துத் துடைத்த தட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழாக இழுத்தேன். இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது உண்மைக் கப்பலில் 14.4 சென்டிமீட்டர் என்பதால், கறை மயிரிழையாக இருந்தால்தான் நம்பும்படி இருக்கும். எண்ணெய் வண்ணம் உலரப் பல நாட்கள் பிடிக்கும். அது முழுவதும் உலர்ந்த பிறகே, மீண்டும் ஒரு வறண்ட நாள் பார்த்து, மேட் வார்னிஷை அடித்தேன்.