சிங்கப்பூரில் பிடிபட்ட அப்பப்பாவைத் தேடுவது எப்படி?

களுவாஞ்சிகுடியிலோ திருக்கோவிலிலோ, யாரோ ஒருவர் மலாயாவுக்குப் போய்ப் பட்டாளத்தில் சேர்ந்து ஜப்பான்காரனிடம் பிடிபட்டார் என்ற கதை உங்கள் வீட்டிலும் இருந்தால், முதலில் றங்குப்பெட்டியைக் கிளறுங்கள். படையணியின் பெயர், இலக்கம் எழுதிய ஒரு துண்டு கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. சிங்கப்பூர் விழுந்தது 1942 பெப்ரவரி 15; அதற்குப் பிறகுதான் கைதிகளைச் சியாம்-பர்மா ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள், ஏறத்தாழ 415 கிலோமீற்றர்.

அடுத்தது லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அங்கே டபிள்யூஓ 345 என்ற தொகுப்பில் ஜப்பானியர் எழுதிய கைதி அட்டைகள் இருக்கின்றன. அட்டையில் பிடிபட்ட திகதியோடு தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர் எழுதவும் இடம் உண்டு. நமக்கு அதுதான் பெரிய உதவி, ஏனென்றால் நம்மவர் பெயரை வெள்ளைக்காரன் ஒரு மாதிரியும் ஜப்பான்காரன் இன்னொரு மாதிரியும் எழுதியிருப்பான். ஆகவே ஒரே எழுத்துக்கூட்டலோடு நின்றுவிடாதீர்கள், தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டும் தேடுங்கள்.

இறந்திருந்தால் பொதுநலவாய யுத்தக் கல்லறை ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் தாய்லாந்தின் காஞ்சனபுரி, சிங்கப்பூரின் கிராஞ்சி ஆகிய இரண்டு யுத்தக் கல்லறைகளையும் பாருங்கள், இலவசம்தான்.

ஆனால் அவர் படையாளாக இல்லாமல் மலாயாத் தோட்டத்திலிருந்து அந்த ரயில்பாதைக்குக் கூலியாகக் கொண்டுபோகப்பட்டவர் என்றால் இந்த அட்டைகளை நம்பிப் பயனில்லை. அப்படிச் செத்த தமிழர் பல்லாயிரம் பேர், பெயர் பொறித்த கல் அநேகமாக ஒருவருக்கும் இல்லை. அங்கே வீட்டுக் கிழவிகளின் வாய்தான் ஆவணம்; போனில் பதிவுசெய்து வையுங்கள்.